கிரைண்டர் தேவைப்படாத வெட்டு

(பேசின் பிரிட்ஜ் வட்டாரப் பட்டறைக்காரர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களிடம் முதலில் ஒரு கணக்குக் கேட்கிறேன். ஒரு தகட்டை வெட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? வெட்டிய பிறகு அதன் ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகிறது? வெட்டுவதைவிடத் தேய்ப்பதற்குப் பல மடங்கு நேரம் போகும் பட்டறைகளே அதிகம். அந்தத் தேய்ப்பு வேலையை யார் செய்கிறார்கள்? பிளாஸ்மா டார்ச் பிடிப்பவர் அனுபவசாலி. கிரைண்டர் பிடிப்பவர் பட்டறைக்குப் புதிதாக வந்த இளைஞர். காது அடைக்கும் சத்தம், மூக்கில் ஏறும் இரும்புத்தூள், கண்ணில் தெறிக்கும் பொறி எல்லாம் அந்தப் பையனுக்குத்தான். டார்ச் பிடிப்பவர் செட்டிங்கைச் சரியாக வைத்தால் அந்தப் பையனின் வேலையில் பெரும்பகுதி தேவையே இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்ற விளக்கம்தான்.

தகட்டு வேலைக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்தது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. ஐம்பதுகளில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. 1955 அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். கூரை, பக்கச் சுவர், அடித்தளம் எல்லாவற்றையும் தகட்டால் வெல்டிங் செய்து ஒரே கூடாக ஆக்கும் சுவிட்சர்லாந்து முறை அங்கிருந்துதான் நாடு முழுவதும் போனது. அந்தப் பெட்டிகள் இன்றைக்கும் பராமரிப்புக்காக நம் பேசின் பிரிட்ஜ் பணிமனைக்கு வந்து நிற்கின்றன. ரயில் பெட்டியில் முதலில் துருப்பிடிக்கும் இடம் எது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிவறையை ஒட்டிய தரை, வாசற்படி ஓரம், தண்ணீர் தேங்கும் மூலை. அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். பெரிய தொழிற்சாலையில் லேசர் இருக்கலாம். ஆனால் நிற்கும் பெட்டியின் தரையை லேசர் மேசைக்கு ஏற்ற முடியாது. அங்கே கையில் பிடிக்கும் டார்ச்தான் வேலை செய்யும்.

நம் பட்டறைகளிலும் இதே கதைதான். சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து 20 கேஜ், 18 கேஜ், 16 கேஜ் ஷீட் வருகிறது. ஏசி டக்ட், ஓட்டல் சமையலறைப் புகைக்கூண்டு, பேனல் பாக்ஸ், கேட், பீரோ கதவு என்று எல்லாம் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். காசிமேட்டுப் படகு வேலைக்குக் கனத் தகடு வெட்டுகிறவர்கள் இதை எளிதான வேலை என்று நினைப்பதுண்டு. உண்மையில் மெல்லிய தகடுதான் கடினம். கனத் தகட்டில் வெப்பம் பரவ இடம் இருக்கிறது. மெல்லிய தகட்டில் போக்கிடம் இல்லாத வெப்பம் தகட்டையே முறுக்குகிறது, ஓரத்தை உருக்குகிறது, உருகியதை அடியிலேயே ஒட்டவைக்கிறது.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கேஸ் கட்டிங்கில் இரும்பைச் சூடாக்கி, ஆக்சிஜனை அடித்து எரிக்கிறோம். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேலை செய்யாது. அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சைடு எளிதில் உருகாத ஒரு தோலைப் போர்த்திவிடும். அலுமினியமும் அப்படியே. 1950களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் ராபர்ட் கேஜ் என்பவர் மின் வில்லை, அதாவது ஆர்க்கை, சிறு துளை வழியாக நெருக்கி அனுப்பி உலோகத்தை வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். 1957இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆர்க்கோடு சேர்ந்து பாய்ந்து 20,000 டிகிரிக்கு மேல் சூடாகும் வாயுதான் பிளாஸ்மா. அது எதையும் எரிக்கத் தேவையில்லை, உருக்கி ஊதித் தள்ளிவிடும். அறுபதுகளில் சாதாரணக் காற்றையே வைத்து வெட்டும் வழி வந்தது. எலக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தைப் பதித்த பிறகுதான் அது நிலைத்தது. டங்ஸ்டன் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தாங்காது. சிலிண்டர் வேண்டாம், கம்ப்ரஸர் போதும் என்ற நிலை வந்ததால்தான் பிளாஸ்மா நம் தெருக்களுக்கு வந்தது.

கம்ப்ரஸர் போதும் என்றேன். நம் ஊரில் கதை கெடுவதும் அங்கேதான். டார்ச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் தண்ணீரை ஆவியாகச் சுமக்கும். ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 23 கிராம். கடலோரம் இருக்கும் நமக்கு இது சாதாரண நாள்; ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கூடும். கம்ப்ரஸர் எட்டு கனமீட்டர் காற்றை நெருக்கி ஒரு கனமீட்டர் இடத்தில் அடைத்தால், அதனுள் 180 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கும். ஆனால் அந்த ஒரு கனமீட்டரால் 30 டிகிரியில் 30 கிராமைத்தான் ஆவியாகச் சுமக்க முடியும். மீதி 150 கிராம் சொட்டுச் சொட்டாக இறங்கியே தீரும். சிறிய டார்ச் ஒன்று நிமிடத்துக்கு 150 முதல் 200 லிட்டர் காற்றைக் குடிக்கும். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் சுமார் பத்து கனமீட்டர். ஆக, மணிக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் உங்கள் காற்று வழியில் உருவாகிறது. அது டேங்கில் நிற்கிறதா, டார்ச்சுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான இடங்களில் மாய்ஸ்ச்சர் ட்ராப்பைக் கம்ப்ரஸரின் வாயிலேயே மாட்டியிருப்பார்கள். அங்கே காற்று இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. 50 டிகிரி காற்று ஒரு கனமீட்டரில் 80 கிராமுக்கு மேல் ஆவியைச் சுமக்கும். ஆவியை அந்த ட்ராப் பிடிக்காது. சொட்டாக மாறியதைத்தான் பிடிக்கும். ஆகவே தண்ணீர் ஆவியாகவே ட்ராப்பைத் தாண்டிப் போய், பத்தடி தள்ளி ஹோஸ் குளிர்ந்த இடத்தில் சொட்டாகி, டார்ச்சுக்குள் இறங்குகிறது. ஆர்க் துப்பித் துப்பி எரிகிறது, நாசில் துளை கோணலாகிறது, ஹாஃப்னியம் குழிகிறது. வெட்டுபவர் ஆம்ப்ஸைத் திருகிப் பார்க்கிறார். ஆம்ப்ஸில் குற்றமே இல்லை.

செய்ய வேண்டியது எளிது. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றை இரும்புக் குழாயில் சில மீட்டர் தூரம் ஓடவிட்டுக் குளிரவையுங்கள். குழாய்க்குச் சற்றுச் சரிவு கொடுத்துத் தாழ்ந்த முனையில் ஒரு ட்ரெயின் வால்வு வையுங்கள். மெஷினுக்கான கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள்; அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீரை நீங்களே அழைத்துவருகிறீர்கள். ட்ராப்பை மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். தினமும் வெட்டு வேலை இருக்கும் பட்டறை என்றால், கடன் வாங்கியாவது குளிர்விக்கும் ஏர் டிரையர் ஒன்று வாங்குங்கள். அதிக ஆம்ப்ஸ் மெஷின் வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் டிரையரில் போடச் சொல்வேன். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன். டேங்கின் அடி வால்வைத் தினமும் காலையில் திறப்பதற்குச் செலவே கிடையாது.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ என்று பல மெஷின்களில் இருக்கும். உங்கள் மெஷினின் கையேட்டில் உள்ளதே சட்டம். ஆனால் அதைக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்து வையுங்கள். காற்று நிற்கும்போது முள் 5இல் இருந்துவிட்டு, டார்ச்சைத் தட்டியதும் 3க்கு இறங்கினால் உங்களிடம் இருப்பது 3 கிலோதான். நீளமான மெல்லிய ஹோஸ் இதைத்தான் செய்யும்.

இனி நாசில். நான் பார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி இருக்கும் பழக்கம் இது: மெஷினோடு வந்த 60 ஆம்ப்ஸ் நாசிலையே நிரந்தரமாக மாட்டியிருப்பார்கள். மெல்லிய ஷீட் வந்தால் ஆம்ப்ஸை 30க்குக் குறைப்பார்கள். குறைத்தால் மென்மையாக வெட்டும் என்று எண்ணம். பிளாஸ்மாவின் வலிமை அதன் நெருக்கத்தில் இருக்கிறது. 60 ஆம்ப்ஸுக்குத் துளையிட்ட நாசிலில் 30 ஆம்ப்ஸை அனுப்பினால், அகலமான ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டதுபோல் ஆர்க் பரந்து தளர்கிறது. வெட்டு அகலமாகிறது, ஓரம் சாய்கிறது, அடியில் கசடு தொங்குகிறது. 40 ஆம்ப்ஸில் வெட்ட வேண்டுமானால் 40 ஆம்ப்ஸ் நாசிலைப் போட்டு, அதன் அளவுக்கு ஒட்டியே ஓட்டுங்கள். மாறாக, 40 நாசிலில் 60 ஆம்ப்ஸ் விட்டால் ஆர்க் நாசிலையே கடித்துத் துளையைத் தின்றுவிடும். மெல்லிய தகட்டுக்கென்றே ஃபைன் கட் என்று தனி நாசில் பல கம்பெனிகள் விற்கின்றன. அதன் விலையைச் சொன்னால் முதலாளி முகம் சுருங்கும்; மாதம் எத்தனை கிரைண்டிங் வீல் தேய்கிறது என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். திருவொற்றியூரில் ஆலை வைத்திருக்கும் கார்போரண்டம் யுனிவர்சல் நல்ல வீல் செய்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த வீல் தேய வேண்டிய நல்ல வேலைகள் வேறு நிறைய இருக்கின்றன.

எலக்ட்ரோடைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் உள்ள ஹாஃப்னியம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குழிந்திருந்தால் மாற்றுங்கள். அது தேய்வது பெரும்பாலும் ஆர்க் பற்றும்போதும் அணையும்போதும்தான். சும்மா காற்றில் பைலட் ஆர்க்கைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தைத் தம்பிகள் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இப்போது வேகம். நான் சொல்ல வந்ததில் மிகவும் கவனம் கேட்கும் இடம் இது. அடியில் கசடு ஒட்டினால் நம் கை தானாகவே என்ன செய்கிறது? வேகத்தைக் குறைக்கிறது. சரியாக வெட்டவில்லைபோலும், நிதானமாகப் போவோம் என்று நினைக்கிறோம். மெல்லிய தகட்டில் பல நேரம் இது நேர் எதிரான மருந்து.

கசடு இரண்டு வகை. மெதுவாகப் போனால் வருவது தடித்த உருண்டைகள். ஆர்க் ஒரே இடத்தில் அதிக நேரம் நின்று தேவைக்கு மேல் உருக்குகிறது. வெட்டு அகன்றுபோவதால் அதை ஊதித் தள்ளும் வலு காற்றுக்கு இல்லை. அந்தக் கசடு சுத்தியலால் தட்டினாலே உதிரும், சில நேரம் விரலாலேயே பெயர்த்துவிடலாம். அளவுக்கு மீறி வேகமாகப் போனால் வருவது வேறு. மெல்லிய மணிகளாக, நூல் தைத்ததுபோல் ஓரத்தோடு பற்றிக்கொள்ளும். தட்டினால் வராது, தேய்த்தே ஆக வேண்டும். ஆகவே குமிழைத் தொடுவதற்கு முன் கசடைத் தொடுங்கள். உதிர்ந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். உதிராவிட்டால் குறையுங்கள். மேல்பக்கம் தெறித்து ஒட்டியிருந்தால் டார்ச் உயரமாக இருக்கிறது, அல்லது வேகம் மிஞ்சிவிட்டது.

ஓரத்தில் உள்ள கோடுகளும் பேசும். வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மெல்லிய வரிகள் தெரியும். அவை செங்குத்தாக நின்றால் மெதுவாகப் போயிருக்கிறீர்கள். மிகவும் பின்னால் வளைந்து கிடந்தால் வேகம் அதிகம். கையால் வெட்டும்போது அடியில் பாயும் பொறியைக் கவனியுங்கள். செங்குத்துக்கு 15 முதல் 30 டிகிரி பின்னால் சாய்ந்து பாய வேண்டும். பொறி மேல்பக்கமாகத் திரும்பி அடித்தால் தகடு இன்னும் துளைபடவில்லை, உடனே நிதானியுங்கள்.

சி.என்.சி. மேசையில் 40 ஆம்ப்ஸ் ஃபைன் கட் நாசிலுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் நிமிடத்துக்கு 5 முதல் 8 மீட்டர் வரை வேகம் கேட்கும். 8 மீட்டர் என்றால் நொடிக்கு 13 சென்டிமீட்டர். மனிதக் கை அந்த வேகத்தில் நேர்க்கோடு போடாது. எனவே கையால் வெட்டுபவர் 40இல் முட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 20, 30 ஆம்ப்ஸுக்கான நாசிலை மாட்டி, கை தாங்கும் வேகத்துக்கு ஆர்க்கைக் கொண்டுவாருங்கள். ஆம்ப்ஸைக் குறைப்பது நாசிலோடு சேர்ந்து குறைந்தால்தான் பலன். பக்கத்தில் ஒரு ஆங்கிள் இரும்பை கிளாம்ப் போட்டு அதை ஒட்டி டார்ச்சை ஓட்டுங்கள். தேர்ந்த கைக்கும் இது அவமானமில்லை.

உயரம். பெரும்பாலான சிறு நாசில்களுக்குத் தகட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர். உயர்ந்தால் வெட்டின் மேல்பக்கம் அகன்று ஓரம் சரிகிறது. மிகவும் தாழ்ந்தால் நாசில் தகட்டில் உரசிக் கெடுகிறது. துளைபோடத் தொடங்கும்போது மட்டும் இரண்டு மடங்கு உயரத்தில் வைத்துத் துளைத்துவிட்டு இறங்குங்கள். இல்லாவிட்டால் மேலே தெறிக்கும் உலோகம் நாசில் வாயை அடைக்கும். சி.என்.சி.யில் உயரக் கட்டுப்பாடு ஆர்க்கின் வோல்டேஜைப் பார்த்து டார்ச்சை ஏற்றி இறக்குகிறது. மூலையிலும் சிறு ஓட்டையிலும் மெஷின் வேகம் குறைக்கும்போது வோல்டேஜ் ஏறும். டார்ச் உயர்ந்துவிட்டது என்று தவறாக எண்ணி மெஷின் அதைத் தகட்டுக்குள் இறக்கிவிடும். அந்த இடங்களில் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும்படி புரோகிராமில் எழுதுங்கள்.

திசையும் ஒரு செட்டிங்தான். ஸ்வர்ல் ரிங் காற்றைச் சுழற்றி அனுப்புகிறது. வழக்கமான டார்ச்சுகளில் அது வலஞ்சுழி. அதனால் டார்ச் போகும் திசைக்கு வலப்பக்கம் உள்ள ஓரம் நேராகவும் இடப்பக்கம் சரிந்தும் வரும். நமக்கு வேண்டிய துண்டு எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். வெளி விளிம்பை வலஞ்சுழியாகவும் உள் ஓட்டையை இடஞ்சுழியாகவும் வெட்டுங்கள். செலவில்லாத திருத்தம் இது.

முறுக்கத்தைத் தவிர்க்க ஒரே வழி, வெப்பத்தை ஓரிடத்தில் குவிய விடாமல் இருப்பது. முதலில் உள் ஓட்டைகள், கடைசியில் வெளி விளிம்பு. ஒரு துண்டை வெட்டியதும் பக்கத்துத் துண்டுக்குத் தாவாமல் தகட்டின் மறுகோடிக்குப் போங்கள். மின் இணைப்பைப் பற்றியும் ஒரு சொல்: எர்த் கிளாம்பைத் துருவின் மேலோ பெயின்டின் மேலோ மாட்டாமல், சுரண்டிய இரும்பில், வேலைத் தகட்டிலேயே மாட்டுங்கள். நீண்ட மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மெஷினை ஓட்டினால் வோல்டேஜ் விழுந்து, நீங்கள் வைத்த செட்டிங் எதுவும் வைத்தபடி இருக்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜி.ஐ. ஷீட் வெட்டினால் துத்தநாகப் புகை வரும். அன்றிரவே காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் வரலாம். பால் குடித்தால் போய்விடும் என்று நம் பட்டறைகளில் தலைமுறையாகச் சொல்கிறார்கள். பால் உடம்புக்கு நல்லது. நுரையீரலுக்குள் போன புகையை அது எடுக்காது. புகையை இழுக்கும் ஃபேன், திறந்த கதவு, மூக்குக்குச் சரியான மாஸ்க் இவைதான் மருந்து. ஆர்க்கைக் கருப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால், வெட்டுபவருக்கும் பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கும் கண் ஒரேமாதிரிதான் கெடும். கண்ணாடி ஒருவருக்கு மட்டும் வாங்கும் முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டு வாங்குங்கள்.

கடைசியாக வெல்டிங் செய்பவர்களுக்கு. காற்றில் வெட்டிய ஓரத்தில் நைட்ரஜன் ஏறியிருக்கும். ஓரம் கடினமாகும், அப்படியே பற்றவைத்தால் சில நேரம் பற்றில் சிறு ஓட்டைகள் விழும். தண்ணீர் நிற்க வேண்டிய டேங்க் போன்ற வேலைகளில் ஓரத்தைக் கால் மில்லிமீட்டர் அளவுக்கு லேசாகத் தேய்த்துவிட்டுப் பற்றவையுங்கள். கிரைண்டரை அறவே தூக்கிப்போடச் சொல்லவில்லை. அது இந்த மாதிரி இடத்தில் சில நொடி வேலை செய்யட்டும்.

லேசர் வந்துவிட்டதே, இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். ஒரே அளவில் ஆயிரம் துண்டு வேண்டும் என்பவர் லேசர் கடைக்குப் போவார், போகட்டும். 2018 ஜனவரியோடு பெரம்பூரில் பழைய மாதிரிப் பெட்டி கட்டுவது நின்றது. இப்போது வருவது ஸ்டெயின்லெஸ் பெட்டிகள். அவற்றையும் ஒருநாள் ஒட்டுப்போட வேண்டி வரும், கேஸ் கட்டிங் அதற்கு உதவாது. பழுது பார்க்கும் வேலையும், இருக்கும் இடத்துக்கே போய் வெட்டும் வேலையும், ஒன்று இரண்டாகச் செய்யும் வேலையும் கையில் டார்ச் உள்ளவரிடம்தான் வரும். ஓரம் சுத்தமாக இருந்தால் மீண்டும் வரும்.

இந்த மேசையில் பதினாறு கேஜ் தகட்டில் வெட்டிய ஐந்து துண்டுகள் வைத்திருக்கிறேன். நாசிலும் ஆம்ப்ஸும் காற்றும் உயரமும் ஐந்திலும் ஒன்றே. வேகம் மட்டும் படிப்படியாகக் கூடுகிறது. உங்கள் பட்டறையிலும் வேண்டாத தகட்டில் இப்படி ஐந்து கோடு வெட்டுங்கள். நன்றாக வந்த கோட்டின் நாசில், ஆம்ப்ஸ், அழுத்தம், வேகம், உயரம் இவற்றைச் சாக்பீஸால் மெஷினுக்கு மேல் சுவரில் எழுதுங்கள். அடுத்த முறை அதே கேஜ் வரும்போது கிரைண்டர் பிடிக்கும் தம்பியையே டார்ச் பிடிக்கச் சொல்லி, சுவரைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். இப்போது முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வந்து இந்தத் துண்டுகளின் அடி ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், மறுகையில் கையுறை போட்டுக்கொண்டு முனைகளைப் பிடியுங்கள். எது மெதுவாக வெட்டியது, எது வேகமாக வெட்டியது என்று நீங்கள் சொன்ன பிறகு கேள்விகளுக்கு வருகிறேன்.